கோபுரச் சாரத்தில் பதினான்கு மாதம்: முழு உடல் பாதுகாப்பு பெல்ட் பற்றிய என் மதிப்பீடு

டர்பனுக்கு வடக்கே, ஒரு காலத்தில் கரும்புத் தோட்டமாக இருந்த பகுதியிலுள்ள ஒரு மாரியம்மன் கோயிலில் திருப்பணி மேற்பார்வையாளராகப் பணியாற்றினேன். அந்த வேலைக்காக ஏழு செட் முழு உடல் பாதுகாப்பு பெல்ட் வாங்கினோம். ஒவ்வொரு செட்டிலும் தோள், மார்பு, தொடை மூன்றையும் சுற்றி அணியும் பெல்ட் ஒன்றும், பெல்ட்டைச் சாரத்தோடு இணைக்கும், இரண்டு கால்களாகப் பிரியும் லேன்யார்டு என்ற பட்டை ஒன்றும், அந்த லேன்யார்டின் அடியில் தைத்து மடித்து வைக்கப்பட்ட, விழும் அதிர்ச்சியைக் குறைக்கும் ஷாக் அப்சார்பரும், நுனிகளில் இரண்டு பெரிய சாரக் கொக்கிகளும் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஐந்து சுதை வேலைக்காரர்களும் வண்ணம் தீட்டுபவர்களும், உள்ளூர்ச் சாரக்காரர்கள் இருவரும் அவற்றைப் பதினான்கு மாதம் தினமும் அணிந்தார்கள். கும்பாபிஷேகம் முடிந்து, சாரம் பிரித்து, பெல்ட்டுகளைக் கழுவி உலர்த்தி எடுத்து வைத்த பிறகு இதை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை. இதே தரக் குறியீட்டுடன் இதே அமைப்பில் பல நிறுவனங்களின் பெல்ட்டுகள் டர்பன் கடைகளில் கிடைக்கின்றன. நான் சொல்லும் நிறையும் குறையும் இந்த வகைக்கே உரியவை.

இதற்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்தான் கொடுத்தார்கள். அதில் ஷாக் அப்சார்பரும் கிடையாது. வெறும் நைலான் கயிறும் ஒரு சிறிய கொக்கியும்தான். ஒரு நாள் காலையில் பனி ஈரம் காயாத பலகையில் வண்ணக்காரர் ஒருவர் வழுக்கி விழுந்தார். கயிறு அறுந்துவிடவில்லை, கொக்கியும் கழன்றுவிடவில்லை. ஆனால் விழுந்த வேகம் முழுவதையும் அவருடைய வயிறும் கீழ் விலா எலும்புகளும் தாங்க வேண்டியிருந்தது. இடுப்பிலிருந்து இரண்டாக மடிந்து, தலையும் காலும் கீழ்நோக்கித் தொங்க, மூச்சு விட முடியாமல் அவர் துடித்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. அவர் பிழைத்தார் என்பதைச் சொல்லி அந்தப் பெல்ட்டைப் பாராட்டியவர்களும் அங்கே இருந்தார்கள். விழும் மனிதனைத் தடுத்து நிறுத்துவதற்கு இடுப்பு பெல்ட் ஏற்றதல்ல என்பதை அன்றோடு நான் மனத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். டர்பன் கோயில் நிர்வாகக் குழு பட்டியல் கேட்டபோது, சுண்ணாம்புக்கும் மணலுக்கும் முன்பாக நான் எழுதிய முதல் வரி முழு உடல் பெல்ட்.

இந்தப் பெல்ட்டின் நன்மை அது உடலைப் பிடிக்கும் முறையில் இருக்கிறது. விழும்போது வரும் இழுவை தொடையைச் சுற்றிய பட்டைகளுக்கும், அவற்றிலிருந்து உட்காரும் இடத்துக்கும், தோளுக்கும் பிரிந்து போகிறது. மனிதன் நிமிர்ந்த நிலையில் தொங்குகிறான். முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் ஓர் இரும்பு டி வளையம் இருக்கிறது. அதன் அருகே பட்டையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஏ’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். விழும் மனிதனைப் பிடித்து நிறுத்தும் லேன்யார்டை அந்த எழுத்து உள்ள இடத்தில்தான் மாட்ட வேண்டும். இடுப்பின் இரு பக்கங்களிலும் வேறு இரண்டு வளையங்கள் இருக்கின்றன. அவை ஓரிடத்தில் சாய்ந்து நின்று வேலை செய்வதற்கு மட்டுமே ஆனவை, விழுந்தால் தாங்குவதற்கானவை அல்ல. கைக்கு எட்டுகிறது என்பதால் முதல் வாரத்தில் மூன்று பேர் பக்க வளையத்தில்தான் லேன்யார்டை மாட்டினார்கள். முதுகு வளையத்தை ஒருவர் தானாக எட்டி மாட்டுவது சிரமம். ஆகவே காலையில் லேன்யார்டை வளையத்தில் மாட்டிய பிறகே பெல்ட்டை அணிய வேண்டும், அணிந்த பிறகு அடுத்தவர் முதுகைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வழக்கப்படுத்தினோம்.

அணிவதில் இன்னொரு சிக்கல் உடை. எங்கள் ஆட்களில் வயதில் மூத்த கொத்தனார் முப்பது ஆண்டுகளாக லுங்கியை மடித்துக் கட்டிச் சாரம் ஏறியவர். தொடைப் பட்டையை லுங்கியின் மேல் கட்டினால் துணி சுருண்டு பட்டை தளரும். உள்ளே கட்டினால் தோல் உரியும். “அண்ணே, பேன்ட் போட்டுத்தான் ஆகணும்” என்று இளைஞர்கள் சொன்னபோது அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேன்ட் அணிந்து வந்தார். தொடைப் பட்டைக்கும் தொடைக்கும் நடுவே விரல்களை நீட்டி உள்ளங்கை மட்டும் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். முஷ்டி நுழைந்தால் தளர்வு. உட்கார்ந்து எழுந்து வேலை செய்யும் சுதைக்காரர்கள் மதிய உணவுக்குப் பிறகு பட்டையைத் தளர்த்திவிட்டு மறுபடி இறுக்க மறந்துவிடுவார்கள் என்பதால், பிற்பகல் ஏறும்போதும் இந்தச் சோதனையைச் செய்தோம். நாங்கள் வாங்கிய பெல்ட்டில் தோள் பட்டை ஒரு நிறத்திலும் தொடைப் பட்டை வேறொரு நிறத்திலும் இருந்தது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் விடியற்காலை அரையிருட்டில் முறுக்கிக்கொண்ட பெல்ட்டைப் பிரித்து அணியும்போது அந்த நிற வேறுபாடு பெரிய உதவி.

கொக்கியைப் பற்றி எனக்கு முழுத் திருப்தி. சாரக் குழாயின் வெளி விட்டம் 48 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பழைய சிறு கொக்கிகளின் வாய் அதைச் சுற்றி மூடாது. மூடாதபோது ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், லேன்யார்டைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து அதன் மீதே கொக்கியை மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டினால் பட்டை கூர்மையாக மடிந்து வலிமை குறையும். கொக்கியின் வாயும் தவறான திசையில் இழுபடும். அப்படிப் பயன்படுத்துவதற்கென்றே தயாரித்த லேன்யார்டுகளைத் தவிர மற்றவற்றில் இதைச் செய்யக் கூடாது. புதிய சாரக் கொக்கியின் வாய் குழாயை நன்றாக விழுங்குகிறது. பின்பக்கத் தாழை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே முன்வாயைத் தள்ளினால்தான் அது திறக்கும் என்பதால், குழாயில் உரசி தானாகத் திறந்துகொள்ளும் பயம் இல்லை. இரட்டைக் கால் இருப்பதால் ஒரு கொக்கி மாட்டியிருக்கும்போதே மற்றதை அடுத்த குழாய்க்கு மாற்றலாம். மாட்டும் ஓசை இரண்டு முறை கேட்ட பிறகே முதல் கொக்கி கழற்றப்பட வேண்டும் என்பது எங்கள் சாரக்காரர்களின் பழக்கமாகிவிட்டது. கீழே நின்று கண்ணை மூடிக்கொண்டாலும் யார் ஒழுங்காக ஏறுகிறார் என்று காதால் அறிய முடிந்தது.

ஒரே குறை, சுண்ணாம்புக் கலவை. கொக்கியின் சுருள்வில் இருக்கும் இடுக்கில் அரைத்த சுண்ணாம்பும் மணலும் புகுந்து காய்ந்துவிட்டால் வாய் முழுவதுமாகத் திரும்பி மூடாது, மூடியதுபோலத் தோன்றும். ஆறாவது மாதத்தில் இப்படி ஒரு கொக்கியைக் கையில் எடுத்தேன். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஒரு நெல்மணி நுழையும் இடைவெளி. தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்த பிறகு சரியானது. அன்றுமுதல் வேலை முடிந்ததும் கரண்டி கழுவும் வாளியை அடுத்து, கொக்கி கழுவ நல்ல தண்ணீரில் தனி வாளி ஒன்று வைத்தோம்.

இனி, வாங்குவதற்கு முன் யாரும் எங்களுக்குச் சொல்லாத முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஷாக் அப்சார்பர் என்பது நெருக்கமாக மடித்துத் தைத்த பட்டை. மனிதன் விழும்போது அந்தத் தையல் வரிசை வரிசையாகக் கிழிந்து, உடலுக்கு வரும் இழுவை 6 கிலோ நியூட்டனைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறது. அதாவது ஏறக்குறைய அறுநூறு கிலோ எடையின் இழுப்பு. ஐரோப்பியத் தரமான ஈஎன் 355 அப்படித்தான் வரையறுக்கிறது. தென்னாப்பிரிக்கா இந்தத் தரத்தையும் முழு உடல் பெல்ட்டுக்கான ஐரோப்பியத் தரத்தையும் எஸ்.ஏ.என்.எஸ். 50355, 50361 என்ற எண்களில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தத் தையல் கிழிவதற்கு நீளம் வேண்டும். அதிகபட்சம் 1.75 மீட்டர் வரை அது நீளலாம். அப்சார்பரையும் சேர்த்து லேன்யார்டின் நீளம் 2 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் கோபுரச் சாரத்தின் உயரத்தோடு சேர்த்து ஒருவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

கூட்டிப் பார்ப்போம். ஒருவர் தன் காலடியில், பலகையை ஒட்டிய குழாயில் கொக்கியை மாட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதுகு வளையம் காலடியிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவர் விழுந்தால் அந்த 1.5 மீட்டரையும் லேன்யார்டின் 2 மீட்டரையும் கடந்த பிறகுதான் லேன்யார்டு இறுகவே தொடங்கும். அதன்பின் அப்சார்பர் 1.75 மீட்டர் வரை நீளும். அவருடைய பாதம் பலகைக்குக் கீழே 5.25 மீட்டரில் போய் நிற்கும். தரைக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் பாதுகாப்பு இடைவெளி வைத்தால் தேவைப்படும் ஆழம் 6.25 மீட்டர். எங்கள் சாரத்தில் இரண்டு மீட்டருக்கு ஒரு தட்டு. அப்படியானால் 2 மீட்டர், 4 மீட்டர், 6 மீட்டர் ஆகிய மூன்று தட்டுகளிலும் காலடியில் மாட்டிய பெல்ட்டை நம்ப முடியாது. முதல் இரண்டு தட்டுகளில் பெல்ட் இறுகி நிற்பதற்குள் தரை வந்துவிடும். கொக்கியை முதுகு வளையத்தின் உயரத்தில் மாட்டினால் கணக்கு 4.75 மீட்டராகக் குறைகிறது. தலைக்கு மேல் மாட்டினால் இன்னும் குறைகிறது. ஆகவே கொக்கியை முடிந்த அளவு மேலே மாட்டச் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அல்ல, கணக்குக்காக. இந்தக் கணக்கைக் கரிக்கட்டியால் சிமெண்டுத் தரையில் எழுதிக் காட்டியபோதுதான் எங்கள் ஆட்களின் முகம் மாறியது. அதுவரை, பெல்ட் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

இதனால் கீழ்த் தட்டுகளில் பெல்ட்டை முதல் பாதுகாப்பாக வைப்பதை நாங்கள் கைவிட்டோம். அங்கே இரட்டைக் கைப்பிடிக் குழாய்களும், கால் பலகையும், இடைவெளி இல்லாத தளப் பலகையும்தான் பாதுகாப்பு. விழாமல் தடுப்பது ஒன்று, விழுந்தவரைப் பிடிப்பது வேறொன்று. முதலாவதைச் செய்ய முடிகிற இடத்தில் இரண்டாவதை நம்பக் கூடாது. விற்கும் கடைக்காரர் பெல்ட்டை விற்பார். கைப்பிடிக் குழாயைப் பற்றிப் பேசமாட்டார். அது அவர் தொழில் அல்ல, நம் பொறுப்பு.

அடுத்தது, எதில் மாட்டுவது என்ற கேள்வி. கோபுரத்தில் இதுதான் மிகக் கடினம். சாரம் இருக்கும்வரை, நிமிர்ந்த கம்பமும் குறுக்குக் குழாயும் கூடும் இணைப்பின் அருகில் மாட்டலாம். அதற்கும் சாரம் சுவரோடு சரியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சுதைக்காரர் ஒரு பொம்மையின் பின்பக்கம் நுழைந்து வேலை செய்யும்போது சாரக் குழாய் கைக்கு எட்டாது. மூன்றாம் நிலையில் ஒரு நாள் நான் ஏறிப் பார்த்தபோது, எங்கள் இளம் வண்ணக்காரர் கொக்கியைத் துவாரபாலகரின் கதாயுதத்தில் மாட்டிக்கொண்டு நிம்மதியாகக் கண் திறந்துகொண்டிருந்தார். பொம்மைக்கு விழி தீட்டும் வேலை என்பதால் முழுக் கவனமும் தூரிகை நுனியில். நான் சத்தம் போடாமல் அருகே சென்று, அவருடைய இன்னொரு கொக்கியைக் குழாயில் மாட்டிவிட்டு, “தம்பி, இதைக் கொஞ்சம் பாரு” என்று அந்தக் கதையை இரண்டு கைகளாலும் அசைத்தேன். மேல் பூச்சு வெடித்து, உள்ளே விரல் கனத்துக்கும் குறைவான துருப்பிடித்த கம்பி ஒன்று தெரிந்தது. சில ஆண்டுகளாகக் கடற்காற்று குடித்த கம்பி. என் கையோடு கதையின் முனை பெயர்ந்து வந்துவிட்டது. அவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே அந்தக் கதையைப் புதிதாகச் செய்து வைத்தார்.

கொக்கி மாட்டும் நிலையான இடத்துக்கு, அதாவது நங்கூரப் புள்ளிக்கு, ஈஎன் 795 தரம் கேட்கும் தாங்குதிறன் 12 கிலோ நியூட்டன். செங்கல்லும் சுதையும் சேர்ந்த ஒரு பொம்மையின் கையும், யாளியின் தந்தமும், கலசத்தின் தண்டும் இந்தக் கணக்கில் எங்கும் வராது. கலசத்தைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். உச்சியில் வேறு எதுவும் இல்லாததாலும், அது செம்பால் ஆனது என்பதாலும் பலர் அதை உறுதியானது என்று நம்புகிறார்கள். கலசம் உள்ளீடற்றது, நடுவிலுள்ள கம்பியில் செருகி நிற்பது. அதில் கயிறு கட்டுவது பக்திக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது.

உச்சி வேலைக்காக நாங்கள் தானாகச் சுருண்டுகொள்ளும் கம்பிவடப் பெட்டி இரண்டை வாடகைக்கு எடுத்தோம். காரில் இருக்கும் சீட் பெல்ட்போல மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். அதன் தரமான ஈஎன் 360 நிறுத்தும் தூரத்தை 2 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகிறது. காலடியில் மாட்டிய லேன்யார்டில் விழும் ஐந்தே கால் மீட்டரோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாட்டின் பயன் புரியும். ஆனால் பெட்டி தலைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கோபுரத்தின் மூலையில் வேலை செய்பவருக்கு நடுவிலிருக்கும் பெட்டியிலிருந்து சாய்வாக வடம் இழுத்தால், விழும்போது அவர் ஊஞ்சல்போல ஆடி அடுத்த பொம்மையின் மீதோ சாரக் கம்பத்தின் மீதோ மோதுவார். அதற்காகச் சாரத்தைக் கோபுர உச்சிக்கு மேலே இன்னும் ஒரு தட்டு உயர்த்திக் கட்டி, பெட்டியை ஆள் நிற்கும் இடத்துக்கு ஏற்ப இடம் மாற்றி மாட்டினோம். சாரக்காரர்களுக்கு மூன்று நாள் கூடுதல் வேலை. அந்தச் செலவை நிர்வாகக் குழு மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டதை நன்றியோடு பதிவு செய்கிறேன். மறுமுறை வாங்கும் நிலை வந்தால், ஏழு செட்டுக்குப் பதிலாக ஐந்து செட்டும் இரண்டு சுருள் பெட்டியும் வாங்குவேன்.

பயிற்சிக்கு வருகிறேன். நாங்கள் பயிற்சி பெற்றபோது தென்னாப்பிரிக்காவில் உயர வேலைப் பயிற்சிக்குத் தேசியத் தகுதிப் பாடத் தரங்கள் இருந்தன. அடிப்படைக்கு 229998, மீட்புக்கு 229995 என்று எண் சொல்லிக் கேட்டால் பயிற்சி நிலையங்களில் புரிந்துகொண்டார்கள். எங்கள் ஏழு பேரும் முதலாவதை முடித்தார்கள். இருவர் இரண்டாவதையும் முடித்தார்கள். பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது. எங்களோடு அதே வகுப்பில் இருந்தவர்கள் தங்களுக்குள் ஜூலு மொழியில் விளக்கிக்கொண்டார்கள், நாங்கள் தமிழில் விளக்கிக்கொண்டோம். பயிற்சியாளர் அதற்காகவே ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் நேரம் விட்டார். நல்ல பண்பு. பெல்ட்டோடு வந்த விளக்கப் புத்தகத்தில் பல ஐரோப்பிய மொழிகள் இருந்தன. தமிழும் இல்லை, ஜூலுவும் இல்லை. எச்சரிக்கைப் படங்கள் மட்டுமே எங்கள் ஆட்களுக்குப் புரிந்தன. அதில் தேவையான மூன்று பக்கங்களை நான் தமிழில் எழுதிக் கருவி அறைச் சுவரில் ஒட்டினேன்.

வகுப்பில் என்னை உலுக்கியது தொங்கும் பயிற்சி. இரும்புச் சட்டத்தில் முதுகு வளையத்தை மாட்டித் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கவிட்டார்கள். காலை அசைக்காமல் இருக்கச் சொன்னார்கள். முதல் நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாம் நிமிடத்தில் தொடைப் பட்டை இடுக்கில் அழுத்துவது தெரிந்தது. நான்காம் நிமிடத்தில் பாதம் மரத்துப்போய், காதுக்குள் ஓர் இரைச்சல். கையை உயர்த்தியதும் இறக்கிவிட்டார்கள். அசையாமல் தொங்கும் மனிதனின் கால்களில் இரத்தம் தேங்குகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் போக வேண்டிய இரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. மயங்கியவரை அப்படியே விட்டால் உயிர் போகும் ஆபத்து உண்டு. ஆகவே பெல்ட் பிடித்த உயிரை ஆட்கள் விரைந்து கீழே இறக்கியாக வேண்டும். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருப்பது திட்டமாகாது. தொங்கும்போது பாதத்தை ஊன்றி நின்று தொடை அழுத்தத்தைக் குறைக்க உதவும் சிறிய மிதிப் பட்டைகள் உண்டு. எங்கள் செட்டில் அவை இல்லை, தனியாக வாங்கினோம். அவற்றைச் சேர்த்துத் தராததை இந்தச் செட்டின் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

சட்டமும் இதையே கேட்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2014ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகளில் பத்தாவது விதி, விழும் அபாயம் உள்ள வேலைக்கு எழுதப்பட்ட திட்டம் வேண்டும் என்கிறது. அபாய மதிப்பீடு, ஆட்களின் உடல்தகுதி, பயிற்சி, கருவிகளின் பரிசோதனையும் பராமரிப்பும், விழுந்தவரை மீட்கும் முறையும் ஆட்களும் கருவியும் ஆகிய யாவும் அதில் இருக்க வேண்டும். கோயில் வேலைதானே, தர்மக் காரியம்தானே என்று இதை விட்டுவிடுகிற பழக்கத்தை நான் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். கோபுரத்தின் மேல் நிற்பவருக்குக் கீழே இருப்பது கோயில் தரையா, தொழிற்சாலைத் தரையா என்பதில் என்ன வேறுபாடு? உடல்தகுதிச் சோதனையில் எங்கள் ஆட்களில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்தது. அவருக்குச் சுண்ணாம்பு அரைக்கும் பொறுப்பைக் கொடுத்தோம், கூலியைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் அடுத்தவர் தன் தலைச்சுற்றலை மறைத்திருப்பார்.

பராமரிப்பில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெல்ட் பட்டை பாலியஸ்டரால் ஆனதா, நைலானால் ஆனதா என்று அதன் லேபிளில் பாருங்கள். வலுவான காரம் பாலியஸ்டரைக் கெடுக்கும், அமிலம் நைலானைக் கெடுக்கும். ஈரச் சுண்ணாம்பும் சிமெண்டும் காரம். தரையிலும் ஓட்டிலும் படிந்த சிமெண்டைக் கழுவப் பயன்படுத்துவது அமிலம். எங்களுடையது பாலியஸ்டர் என்பதால் சுண்ணாம்புக் கறையை அன்றன்றே நல்ல தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, வெயில் படாத நிழலில் உலர்த்தினோம். வண்ணம் பட்ட இடத்தைத் தின்னர் போட்டுத் துடைக்க யாரையும் அனுமதிக்கவில்லை. வண்ணம் பட்டு விறைத்த பட்டையின் உள் இழைகளைப் பரிசோதிக்கவும் முடியாது. அப்படி ஒரு பெல்ட்டை ஒன்பதாம் மாதத்தில் கத்தரித்துப் போட்டேன். யாரும் பிறகு எடுத்து அணிந்துவிடக் கூடாது என்பதற்காகவே கத்தரித்தேன். டர்பனின் உப்புக் காற்றில் டி வளையங்களில் ஓராண்டுக்குள் செம்புள்ளிகள் தோன்றின. துடைத்தால் போகும் மேற்புறத் துருதான், என்றாலும் கடற்கரை ஊருக்கு இன்னும் நல்ல முலாம் பூசியிருக்கலாம். ஒரு முறை விழுந்து அப்சார்பரின் தையல் பிரிந்த செட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. விழாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் பரிசோதித்து எழுதி வைக்க வேண்டும்.

விலையைப் பற்றிச் சொன்னால், கடையில் கிடைத்த மிக மலிவான செட்டைவிட இது ஏறக்குறைய இரு மடங்கு. கூடுதல் பணம் கொக்கிக்கும், தொடைப் பட்டையின் மெத்தைக்கும் போகிறது. இரண்டும் தகும். மெத்தை இல்லாத பெல்ட்டை மனிதன் பிற்பகலில் கழற்றிவிடுவான்.

திருப்பணியின் கடைசி மாதத்தில் நாங்கள் செய்த ஒரு வேலையையும் இங்கே சேர்க்க வேண்டும். கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. நடுவில் கோபுரத்தில் துளையிட எந்த ஸ்தபதியும் சம்மதிக்கமாட்டார். திருப்பணிக்காகத் தெய்வத்தைத் தற்காலிகச் சன்னதிக்கு மாற்றும் பாலாலயம் செய்திருக்கும் காலத்தில்தான் அது முடியும். ஆகவே ஸ்தபதியிடமும் பொறியாளரிடமும் கேட்டு, ஒவ்வொரு நிலையிலும் பொம்மைகளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கோபுரத்தின் கான்கிரீட் வளையத்தில் துருப்பிடிக்காத எஃகு வளையங்கள் நான்கு நான்காகப் பதித்தோம். பொறியாளர் ஒவ்வொன்றையும் இழுத்துச் சோதித்துக் கையெழுத்திட்டார். மூன்று நிலைகள், பன்னிரண்டு வளையங்கள். துவாரபாலகரின் கதையைப் புதிதாகச் செய்த அதே தம்பிதான், வளையங்கள் இருக்கும் இடங்களைக் கோபுரத்தின் வரைபடம் போட்டுக் குறித்தார். அந்தத் தாளும் சோதனைத் தாளும், மீதமுள்ள ஆறு பெல்ட்டுகளின் தயாரிப்புத் தேதிகளும் கோயில் அலுவலகத்தில், திருப்பணிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த திருப்பணிக்குள் பெல்ட்டுகளின் ஆயுள் முடிந்திருக்கும். புதியவை வாங்க வேண்டும் என்று அதன் அடியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.